ஒன்பது பர்சென்ட்

கை குலுக்குகிறவர்களை மூன்று ரகமாகப் பிரிக்கலாம். முதல் ரகம், செத்த மீனை ஒப்படைப்பதுபோல் கையைக் கொடுத்துவிட்டு எங்கேயோ பார்ப்பவர்கள். இரண்டாவது, டீஸன்ட்டாக ஒரு குலுக்குக் குலுக்கி விட்டுவிடுகிறவர்கள். மூன்றாவது ரகம்தான் ஆபத்து. உறுதியாகக் கை குலுக்கினால் பிரமோஷன் கிடைக்கும் என்று எதிலோ படித்துவிட்டு, எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி பிழிந்துவிடுவார்கள். இந்த ரகம் எதிரே வருவது தெரிந்தால் பத்தடி தூரத்திலேயே நான் இரண்டு கையையும் கூப்பிவிடுவேன். 'ரொம்ப அடக்கமான மனுஷன்' என்று ஆபீஸில் பெயர். அடக்கமாவது ஒன்றாவது! என் வலது ஆட்காட்டி விரலில் ஒரு கணு கிடையாது. பாக்கியிருக்கிற நுனியில் தப்பான இடத்தில் விரல் பட்டால் எனக்கு முழங்கை வரைக்கும் கரன்ட் அடிக்கும்.

விரல் போன கதை சின்னது. வருஷம் 2003. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு பிரஸ் ஷாப். பவர் பிரஸ்ஸில் இரண்டு பட்டன் இருக்கும். இரண்டையும் இரண்டு கையால் ஒரே சமயத்தில் அமுக்கினால்தான் மேலேயிருந்து இரும்பு இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருக்கும்போது உள்ளே வைக்க மூன்றாவது கை ஏது? அதுதான் அந்த ஏற்பாட்டின் அழகு. எங்கள் ஷாப்பில் உற்பத்தி ஏறவில்லை என்று ஒரு பட்டனை நிரந்தரமாக அமுங்கியபடியே செய்து வைத்திருந்தார்கள், நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே. மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அந்தக் கம்பெனி இப்போது இல்லை. பெயரும் வேண்டாம்.

விரலுக்கு ரேட் உண்டு, தெரியுமோ? 1948-ம் வருட இ.எஸ்.ஐ. சட்டத்தில் அட்டவணையே போட்டிருந்தார்கள். கட்டைவிரல் முழுசாகப் போனால் சம்பாதிக்கும் சக்தியில் 30 சதவிகிதம் நஷ்டம். ஆட்காட்டி விரல் முழுசும் போனால் 14. நடுவிரல் 12. மோதிர விரலோ சுண்டு விரலோ 7 (மோதிரம் போடுகிற விரலுக்குத்தான் மதிப்புக் குறைவு என்பதைக் கல்யாணமாகாத வாசகர்கள் கவனிக்கவும்). ஆட்காட்டி விரலில் ஒரு கணு மட்டும் என்றால் 9. மெடிக்கல் போர்டில் என் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு 9 என்று எழுதினார்கள். கணக்குச் சரிதான், புகார் இல்லை. அட்டவணையில் விரல் இருந்தது, கணு இருந்தது, எலும்பு போகாமல் நுனி மட்டும் போனால் அதற்குக்கூட 5 இருந்தது. வலிக்கு மட்டும் ஒரு வரி இல்லை.

இதையெல்லாம் இப்போது கிளறுவதற்குக் காரணம் ஒரு பையன். இப்போது நான் வேறொரு கம்பெனியில் டிஸ்பாட்ச் செக்‌ஷனில் இருக்கிறேன். போன வருஷம் எங்களிடம் லேசான வேலைக்கென்று அவனை அனுப்பினார்கள். இருபத்திரண்டு வயசு, டிப்ளமோ. நடுவிரல் நுனி போயிருந்தது. எலும்பு தப்பித்தது. அட்டவணைப்படி அவன் வெறும் 4 பர்சென்ட். புண் ஆறி, தோல் மூடி, பார்க்க லட்சணமாகவே இருந்தது. ஆனால் காலையில் அட்டைப்பெட்டி தூக்கச் சொன்னால் முகம் சுருங்கும். கையைப் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்வான். சூப்பர்வைசர் என்னிடம் வந்து, "சார், நாலு மாசத்துக்கு முந்தி ஆறின புண்ணு. எக்ஸ்ரே நார்மல். பையன் சிவாஜி கணேசனை மிஞ்சறான்" என்றார். கான்ட்ராக்ட் முடிய மூன்று மாசம் இருந்தது. புதுப்பிக்கலாமா வேண்டாமா என்று நான்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அந்த வசனம் எனக்குப் புதுசில்லை. 2003-ல் என் புண் இரண்டு மாசத்தில் ஆறிவிட்டது. வலி ஆரம்பித்ததே மூன்றாவது மாசத்தில்தான். ஒரு டாக்டர் படத்தை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் மனசுதான் தம்பி" என்றார். ஆரம்பாக்கத்தில் பக்கத்து வீட்டு ரெட்டியார், "நொப்பியா? புத்தூர் கட்டு போட்டியா?" என்று விசாரித்தார். எங்களுக்குப் புத்தூர் ஒன்றும் தூரமில்லை. ஆனால் இல்லாத எலும்புக்கு எப்படிக் கட்டுப் போடுவது? என் மாமா ஒருத்தர் நல்லெண்ணெய் என்றார், இன்னொருத்தர் எருக்க இலை ஒத்தடம் என்றார். இரண்டு பேரும் பிறகு தனியாக அம்மாவிடம், "வேலைக்குப் போகச் சோம்பேறித்தனம்" என்று சொன்னது எனக்கும் காதில் விழுந்தது. விரல் போனதைவிட அதுதான் அதிகமாக வலித்தது என்று எழுதினால் நாடகமாக இருக்கும். உண்மையில் விரல்தான் அதிகமாக வலித்தது. இது இரண்டாவது.

உள்ளே நடப்பது இதுதான். வெட்டுப்பட்ட நரம்பு சும்மா இருக்காது. மறுபடி வளரப் பார்க்கும். நாளுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். போய்ச் சேர வேண்டிய விரல் நுனியே இல்லை என்பது பாவம் அதற்குத் தெரியாது. கடைசி ஸ்டாப் தாண்டிப் போக வழியில்லாத பஸ் மாதிரி அங்கேயே சுற்றிச் சுற்றி ஒரு முடிச்சாகிவிடும். நியூரோமா என்று பெயர். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், இந்த முடிச்சு தெரியாது. ஆனால் அதன் மேல் விரலால் லேசாகத் தட்டினால் போதும், ஆள் எகிறுவான். இந்தத் தட்டும் சோதனையை 1915-ல் இரண்டு பேர் தனித்தனியாக எழுதினார்கள். ஒருத்தர் ஜெர்மானியர் ஹாஃப்மன், இன்னொருத்தர் பிரெஞ்சுக்காரர் டினெல். முதல் உலக யுத்தத்தில் அவர்கள் நாடுகள் ஒன்றையொன்று சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்த நேரம். அடிபட்ட நரம்புக்கு மட்டும் இரண்டு பக்கமும் பஞ்சமில்லை.

அதற்கும் ஐம்பது வருஷம் முன்னால், 1861-ல் தொடங்கிய அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில், பிலடெல்பியாவில் வெய்ர் மிச்செல் என்றொரு டாக்டர் குண்டடிபட்ட சிப்பாய்களைப் பார்த்தார். புண் ஆறிப்போயிருக்கும், கை மட்டும் எரியும். நெருப்பில் வைத்த மாதிரி. அவர்கள் எந்நேரமும் கையை ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். ஒருத்தன் நடக்கும் அதிர்ச்சிகூடத் தாங்காமல் பூட்ஸுக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நடந்தானாம். மற்றவர்கள் நடிப்பு என்று சொல்லியிருக்கக்கூடிய இடத்தில் அந்த மனுஷர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எழுதிவைத்தார். நரம்பு வலி என்ற விஷயமே மருத்துவத்தில் அப்படித்தான் ஒழுங்காக ஏறியது.

எனவே பையனிடம் முதலில் கேட்டது, "எப்படி வலிக்குது?"

"வலிக்குதுண்ணா."

"அது தெரியுது. எப்படி?"

முழித்தான். இங்கேதான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் "வலி சார்" என்ற இரண்டே வார்த்தை. வெள்ளைக்காரர்கள் இதற்கென்றே ஒரு படிவம் வைத்திருக்கிறார்கள். கனடாவில் மெக்கில் யுனிவர்சிட்டியின் மெல்ஸாக் 1975-ல் வெளியிட்டது. வலியைச் சொல்ல 78 வார்த்தைகள், 20 பிரிவுகள். அதை முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. எங்கள் அம்மாவிடம் கேட்டிருந்தால் ஒரு மத்தியானத்தில் அதற்குமேல் எடுத்துக் கொடுத்திருப்பார். குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், உளைச்சல், இழுப்பு, பிடுங்கல், சுருக், சுரீர், விண்விண், மதமதப்பு, ஊசி குத்துகிற மாதிரி, எறும்பு ஊர்கிற மாதிரி, மிளகாய் தடவின மாதிரி. பல் வலிக்கும் மூட்டு வலிக்கும் ஒரே வார்த்தையை எந்தப் பாட்டியாவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

இது வெறும் மொழிப் பெருமை இல்லை. வைத்தியமே இதில்தான் இருக்கிறது. குடைச்சல், கடுப்பு என்றால் பெரும்பாலும் எலும்பு, மூட்டு, தசை. எரிச்சல், சுரீர், கரன்ட், எறும்பு ஊர்தல் என்றால் நரம்பின் மேல் சந்தேகம் திரும்பும். மருந்து வேறாகிவிடும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டவுடன் தூக்கிக் கொடுக்கிற வலி மாத்திரை நரம்பு வலிக்கு அவ்வளவாகக் கேட்காது, வயிறுதான் புண்ணாகும். இதற்கு டாக்டர்கள் எழுதுவது கபாபென்டின், அமிட்ரிப்டிலின் வகையறா. முதலாவது காக்காய் வலிப்புக்கென்று வந்த மருந்து, இரண்டாவது மனச்சோர்வுக்கு. எனக்கு இரண்டாவதைக் குறைந்த அளவில் எழுதிக் கொடுத்தார்கள். கடைக்காரப் பையன் சீட்டைப் படித்துவிட்டு ஒரு பார்வை பார்த்தான் பாருங்கள்! சாயங்காலத்துக்குள் தெருவில் பாதிப் பேருக்கு நான் 'மென்டல்'. நல்லவேளை, பெண் பார்க்கப் போன ஊர் ஆந்திரா பக்கம் தடாவுக்கு அந்தண்டை.

பையனுக்கு ஒரு பாக்கெட் நோட்டுக் கொடுத்தேன். ஒரு வாரம், வலி எப்போ வருது, என்ன செய்யும்போது, எந்த மாதிரி - எழுதிக்கொண்டு வா என்றேன். எழுதினான். 'காலைல பைக் - சுரீர். சட்டை பட்டன் - கரன்ட். ராத்திரி சும்மா இருக்கும்போது - எரியுது. இல்லாத இடத்துல நகம் அரிக்குது.' கடைசி வரியை அடித்துவிட்டிருந்தான். பைத்தியம் என்பார்களோ என்று பயமாம்.

அதை அடிக்கவே வேண்டாம். எனக்கும் அரிக்கும். இருபத்துச் சொச்சம் வருஷமாக இல்லாத ஒரு நகம், பெரும்பாலும் மீட்டிங் நடுவில், அரிக்கும். எங்கே சொறிவது? இதைத் தீர்த்து வைக்கப் பார்த்தவர் நம்ம ஊர்க்காரர். வி.எஸ். ராமச்சந்திரன், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்காவுக்குப் போனவர். மூளையில் உடம்பின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு பட்டா நிலம் உண்டு. கைக்குப் பக்கத்து மனை முகம். கை போனால் முகம் வேலி தாண்டி உள்ளே வந்துவிடுகிறது. அதனால் கை இழந்த சிலருக்குக் கன்னத்தைத் தொட்டால் இல்லாத விரலைத் தொட்டது போலத் தெரிகிறது என்று 1990-களில் காட்டினார். படித்த அன்று நானும் ஒரு மணி நேரம் கன்னத்தைச் சொறிந்து பார்த்தேன். எனக்குக் கன்னம்தான் சிவந்தது. எல்லோருக்கும் வராது போலிருக்கிறது. போனது ஒரு கணுதானே, அதற்கெல்லாம் முகம் மனை பிடிக்க வருமா!

ஆனால் அவருடைய இன்னொரு யோசனை உபயோகப்பட்டது. கண்ணாடி. மேஜை மேல் ஒரு கண்ணாடியை நிறுத்தி, அடிபட்ட கையை அதற்குப் பின்னால் மறைத்து, நல்ல கையை முன்னால் வைத்து, பிம்பத்தைப் பார்த்தபடி விரல்களை மெதுவாக மடக்கி நீட்டுவது. மூளைக்கு இரண்டு கையும் முழுசாக இருப்பதாகத் தோன்றும். சிலருக்கு வலியின் பிடி கொஞ்சம் தளர்கிறது. எனக்குத் தினம் பத்து நிமிஷம், பீரோ கண்ணாடியைக் கழற்றி. வீட்டம்மா முதல் நாள் பார்த்துவிட்டு, "ஏங்க, எதாவது மை போட்டுப் பாக்கறீங்களா?" என்றாள்.

பையனை ஒரு திங்கட்கிழமை நானே ஸ்டான்லிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சூலூர்பேட்டை வண்டியில் ஆரம்பாக்கத்தில் ஏறி, கொருக்குப்பேட்டையில் இறங்கி, ஷேர் ஆட்டோ. அங்கே கைக்கென்றே தனிப் பிரிவு உண்டு. டாக்டர் ஆர். வெங்கடசுவாமி 1970-களில் வளர்த்தெடுத்தது. நுனி சாய்வாக வெட்டுப்பட்ட விரலுக்குப் பக்கத்துத் தோலை முக்கோணமாக நகர்த்தி மூடுகிற ஒரு முறையை அவர் 1980-ல் சக டாக்டரோடு சேர்ந்து எழுதினார். வெளிநாட்டுப் புத்தகங்களில் அவர் பெயரோடேயே இருக்கிறது. வடசென்னையின் லேத்துப் பட்டறைகளுக்கும் பிரஸ்களுக்கும் நடுவில் இருக்கிற ஆஸ்பத்திரி விரல் நுனிக்குப் பேர் வாங்கியதில் ஆச்சரியம் என்ன?

வண்டியில் வரும்போது பையன், "இந்த விரல் அப்படியே மரத்துப் போச்சுன்னா தேவலைண்ணா" என்றான். அவனுக்கு வேலூர் கதையைச் சொன்னேன். 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த பால் பிராண்ட் என்ற டாக்டர், தொழுநோயாளிகளின் விரல்கள் தேய்ந்து போவதைப் பார்த்து ஏன் என்று துருவினார். நோய் விரலைத் தின்னவில்லை; வலி தெரியாததால் சூட்டையும் வெட்டையும் அவர்கள் கவனிக்காமல் விட்டதுதான் பெரும்பாலும் காரணம். பிற்பாடு அமெரிக்காவில், வலிக்குப் பதிலாகச் சமிக்ஞை கொடுக்கிற கருவி ஒன்றைச் செய்யப் பார்த்தார். தோல்வி. காரணம் ஜோரானது. வேலைக்கு இடைஞ்சல் என்றால் ஆட்கள் அதை ஸ்விட்ச் ஆஃப் பண்ணிவிட்டுக் காரியத்தைப் பார்த்தார்கள். எங்கள் பழைய பிரஸ்ஸின் இரண்டாவது பட்டன் எனக்கு ஞாபகம் வந்தது.

பையன் அன்று டாக்டரிடம் நோட்டைப் பார்த்துப் படித்தான். அடித்த வரியையும் சேர்த்து. அந்த அம்மா நுனியில் ஒரு தட்டுத் தட்டினார். பையன் நாற்காலியோடு பின்னால் போனான். "நியூரோமா. நடிப்பெல்லாம் இல்லை" என்றார், நாங்கள் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லாமலேயே. ஆபரேஷன் செய்து முடிச்சை எடுத்து நரம்பு முனையை உள்ளே புதைக்க வழி இருக்கிறதாம். ஆனால் அது கடைசியில்தான். முதலில் மாத்திரையும் பயிற்சியும். கை முழுக்க வீங்கி, நிறம் மாறி, தொட முடியாமல் எரிந்தால் உடனே வரவேண்டும், அது வேறு சமாசாரம் என்றும் எச்சரித்தார்.

பயிற்சி என்பது தொடுவது. வலிக்கிற விரலைப் பாக்கெட்டில் ஒளிக்க ஒளிக்க அது இன்னும் தொட்டாற்சிணுங்கி ஆகிறது. ஆகவே முதலில் பஞ்சால் தடவ வேண்டும். பிறகு பழைய வேட்டித் துணி, பிறகு டர்க்கி டவல். அது பழகினதும் கையைத் தானியத்துக்குள் விட்டு அளைய வேண்டும். வெளிநாட்டில் இதற்கென்று டப்பா விற்கிறார்களாம். நமக்கு அரிசிக் குதிர் போதும். எங்கள் அம்மா எனக்கு இதை 2004-ல் ஒரு பாடத்திட்டமாகவே நடத்தினார். ரவை ஒரு வாரம், அரிசி இரண்டு வாரம், பயறு, அப்புறம் கொண்டைக்கடலை. "நைனா, பத்து நிமிஷம் ஆகல, கைய எடுக்காத" என்று அடுப்பங்கரையிலிருந்தே கடிகாரம் பார்ப்பார். முதல் நாள் ரவையிலேயே எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒன்றரை மாசத்தில் கொண்டைக்கடலையில் கையை விட்டுச் சில்லறை தேடினேன்.

ஏன் தொடுவது வலியைக் குறைக்கிறது? 1965-ல் மெல்ஸாக்கும் வால் என்பவரும் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். தண்டுவடத்தில் ஒரு கேட் மாதிரி இருக்கிறது. தொடு உணர்ச்சி கூட்டமாக வந்தால் வலிக்கு வழி குறுகிவிடும். அதற்குப் பிறகு இதில் ஏகப்பட்ட திருத்தம் வந்தாச்சு. ஆனாலும் முட்டிக்கொண்ட குழந்தையை எந்த அம்மாவும் முதலில் தேய்த்துத்தான் விடுகிறாள்.

ஒன்று சொல்ல வேண்டும். இதனாலெல்லாம் வலி அடியோடு போய்விடாது. எனக்குப் போகவில்லை. மார்கழியில் பழவேற்காடு ஏரிப் பக்கமிருந்து காற்று வந்தால், நெடுஞ்சாலையில் ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்குப் பைக் ஓட்டுகிறபோது விரல் நீலம் பாரிக்கும். குளிர் தாங்காது, நரம்பு அடிபட்ட விரல்களில் இது சகஜம். டைலரிடம் சொல்லி அந்த ஒரு விரலுக்கு மட்டும் ஃபிளானல் உறை தைத்து, அதன் மேல் கிளவுஸ். ரெய்ன்கோட் போட்ட பொம்மை மாதிரி இருக்கும். மவுஸை நடுவிரலால் அமுக்குவேன். பயோமெட்ரிக் மிஷினில் இடது கை. திரையில் எதையாவது நடுவிரலால் சுட்டிக்காட்டும்போது மட்டும் புதுசாகச் சேர்ந்த பெண்கள் இருந்தால் பேனாவை எடுத்துக்கொள்வது உத்தமம்.

அந்த ரிப்போர்ட்டை நான் எழுதிக் கொடுத்தேன். டாக்டர் சீட்டை இணைத்து, காலை ஆறு மணி லோடிங் வேண்டாம், ஒன்பது மணிக்கு மேல் பேக்கிங் லிஸ்ட் வேலை, ஆறு மாசம் என்று. சூப்பர்வைசர் படித்துவிட்டு, "இவனுக்குக் கொடுத்தா நாளைக்கு எல்லாரும் விரலைக் காட்டுவாங்க சார்" என்றார். "காட்டட்டும். தட்டிப் பார்த்துடலாம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. இரண்டு நாள் கழித்துக் கையெழுத்துப் போட்டார். ஆறு மாசத்துக்குத்தான். அதற்கப்புறம் என்ன என்பது மேலே இருப்பவர்கள் கையில். அவர்களுக்குப் பத்து விரலும் இருக்கிறது.

போன வாரம் பையன் சாப்பாட்டு நேரத்தில் வந்து நின்றான். சட்டை மேல் பட்டனை அந்த விரலாலேயே கழற்றிப் போட்டுக் காட்டினான். எங்கே வரைக்கும் வந்திருக்கிறாய் என்று கேட்டேன்.

"பச்சைப் பயறுண்ணா. அதுல கைய உட்டப்புறம் சமைக்க மாட்டேன்னு அம்மா தனியா கால் கிலோ வாங்கி வெச்சிருக்கு. கொண்டைக்கடலைக்குப் போக இன்னும் ரெண்டு வாரம் ஆவும்."